செயின் செட் மாற்றினால் மீட்டருக்கு பாக்ஸ் போட வேண்டுமா? உஷார்!

பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம் பைக்குக்கு ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

ஹைவேயில் எஞ்சின் அலறல் குறையட்டும் என்று முன் ஸ்பிராக்கெட்டை 14 பல்லிலிருந்து 15 பல்லுக்கு மாற்றினேன். கடைக்காரர் தமிழர்தான், கிருஷ்ணகிரிப் பக்கம். "அண்ணா, இனிமே மீட்டர் ஏழு பர்சன்ட் கம்மியா காட்டும், கேமரால மாட்டுவீங்க. கரெக்‌ஷன் பாக்ஸ் போட்டே ஆகணும்" என்றார். மீட்டருக்குப் போகும் வேக சிக்னலைக் கூட்டித் தரும் பெட்டி அது. கணக்கு என்னவோ சரி. ஆனால் அது கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டிகளுக்கு. என் வண்டியில் சென்சார் முன் சக்கரத்தில். ஸ்பிராக்கெட்டில் எத்தனை பல் இருந்தால் அதற்கென்ன? தினமும் பைக் பிரிக்கிறவருக்கு இது தெரியாதாம், நம்பச் சொல்கிறீர்களா!

அவர் போட்டுவிட்ட பாக்ஸுக்கு 4,500 ரூபாய். பில் கிடையாது.

அப்புறம் ஓசூர் ரோட்டில் பார்த்தால் மொபைல் ஜிபிஎஸ் 60, மீட்டர் 66. கம்பெனி மீட்டர் எப்போதுமே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், முன்பு 62 காட்டியது. திரும்பப் போய்க் கேட்டால், "மைலேஜ் ஏறியிருக்குமே, பாருங்க" என்கிறார். ஏறாமல் என்ன செய்யும்? ஓடிய தூரமும் அதே சிக்னலில்தான் பதிவாகிறது. 1,000 கிலோமீட்டர் ஓடினால் 1,070 என்று காட்டும். வண்டியை விற்கும்போது அந்த ஓடாத கிலோமீட்டருக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார்கள்.

இதைவிட எரிச்சல், ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தது. ஒரு மழையில் மீட்டர் செத்துவிட்டது. ஏபிஎஸ் வண்டியில் சக்கர சென்சார் ஒயரை இப்படி வெட்டினால் பிரேக்கிலேயே கைவைத்த மாதிரி.

சோதிப்பது சுலபம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரம் தரையில் படாமல் ஸ்டார்ட் செய்து முதல் கியரில் விடுங்கள் (சக்கரத்துக்குப் பக்கத்தில் கை, துணி வேண்டாம்). சக்கரம் சுற்றியும் மீட்டர் பூஜ்யத்திலேயே நின்றால் சென்சார் முன்னால் இருக்கிறது, ஸ்பிராக்கெட்டுக்காக பாக்ஸ் வேண்டாம். அந்த வண்டிகளில் முன் டயர் அளவை மாற்றினால்தான் மீட்டர் மாறும். மீட்டர் ஏறினால் பாக்ஸ் தேவைப்படலாம். அப்போதும் கப்ளரில் (ஒயர்களை இணைக்கும் செருகியில்) செருகுகிற வகையாகக் கேளுங்கள், ஒயரை வெட்ட விடாதீர்கள்.

அல்சூரில் எங்கள் பழைய மெக்கானிக் பாக்ஸைக் கழற்றி ஒயரை சாலிடர் செய்து கொடுத்தார். இப்போது மீட்டர் சரி. பணம் மட்டும் வரவில்லை. யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.