பஞ்சிகாவத்தையா, வவுனியாவா? அறுவடைக்குள் பாட்ஸ் வந்து சேரும் வழி

தை பிறந்து காலபோக நெல் பழுத்துவிட்டால், முல்லைத்தீவு மாவட்டத்தின் விசுவமடு, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கத்து உதிரிப்பாகக் கடைகளில் விலையைப் பிறகுதான் கேட்பார்கள். முதற்கேள்வி "எப்ப வரும்?" என்பதுதான். வெட்டு மெசின் ஒரு பெல்ட் அறுந்து வயலுக்குள் நிற்கும்போது, சாய்ந்த நெல் நாள் பார்த்துக் காத்திருக்காது. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து நேரே எடுப்பதா, வவுனியா மொத்தக் கடையில் எடுப்பதா என்ற இரண்டில், நாங்கள் வவுனியாப் பக்கம் சாய்ந்துவிட்டோம். முழுவதுமாக அல்ல. எதை எங்கே எடுப்பது என்பதைக் கீழே பிரித்துச் சொல்கிறோம்.

தூரத்தை நீட்டிப் பேசத் தேவையில்லை. கொழும்பிலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 330 கிலோமீற்றர், வவுனியாவிலிருந்து ஏறத்தாழ 75. கொழும்பு லொறி இரவு புறப்பட்டால் விடிய ஏ9 வீதியில் நிற்கும். ஓட்டத்தை மட்டும் எடுத்தால் இரண்டுக்கும் இடையில் ஓர் இரவுதான். விலையில் கொழும்பு குறைவு என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது.

பொருள் பிந்துவது லொறி நிற்கும் நேரத்தில். கொழும்பு ஓடரைப் பிரித்துப் பாருங்கள். பெயாரிங் ஒரு கடையில், பெல்ட் இன்னொன்றில், ஓயில் சீல் மூன்றாவதில். எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்கவே ஒரு பகல் போய்விடும். வங்கியில் போட்ட காசு வந்ததைப் பார்த்த பிறகுதான் பொருள் கட்டுவார்கள். கட்டிய பெட்டி லொறிக்காரரிடம் போனாலும், முல்லைத்தீவுப் பக்கத்துக்கு லோட் சேரும்வரை கிடக்கும். பிறகு மாங்குளத்திலோ பரந்தனிலோ இறக்கி வேறு வாகனத்தில் ஏற்ற வேண்டும். வியாழன் பின்னேரம் கொடுத்த ஓடர் இன்னும் மோசம். வெள்ளி மதியம் பல கடைகள் பூட்டு, சனி அரைநாள், ஞாயிறு விடுமுறை. திங்கள் போயா வந்தால் செவ்வாயில்தான் கை வைப்பார்கள். இந்தப் பட்டியலில் லொறி ஓடிய நேரம் ஓர் இரவு மட்டும்.

வவுனியாவில் இந்தக் காத்திருப்புகள் பாதிக்கு மேல் இல்லை. அறுவடைக்கால மெசினுக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஓரிரு கடைகளிலேயே இருக்கும். முகம் தெரிந்த கடை என்றால் காசு பார்த்துத்தான் கட்டுவேன் என்று நிற்காது. வடக்கே போகும் வாகனமும் ஒன்று தவறினால் இன்னொன்று உண்டு. காலை 10 மணிக்கு முன் சொன்னது அன்று பின்னேரமோ மறுநாள் காலையோ கடைக்கு வந்துவிடும்.

முடிவைத் தீர்மானிப்பது இங்கேதான். சராசரியாக எத்தனை நாள் என்று பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஆகப் பிந்தினால் எத்தனை நாள் என்று பாருங்கள். கடையில் எவ்வளவு சாமான் வைத்திருக்க வேண்டும் என்பதை அந்தக் கடைசி நாள்தான் முடிவுசெய்கிறது. ஓர் உதாரணக் கணக்கு: 6205 என்ற அளவு எண் கொண்ட பெயாரிங் அறுவடையில் நாளுக்குச் சராசரி 4 போகிறது, கூடினால் 7. கொழும்புச் சாமான் சராசரி 4 நாளில் வரும், பிந்தினால் 9 நாள் என்று வையுங்கள். வவுனியா 1 நாள், பிந்தினால் 3. கூடின விற்பனையைக் கூடின நாளால் பெருக்கினால், கொழும்பை நம்பும் கடை 63 பெயாரிங் மிஞ்சும்போதே அடுத்த ஓடரைக் கொடுக்க வேண்டும். வவுனியாவை நம்பும் கடைக்கு 21 காணும். நடுவில் நிற்கும் 42 பெயாரிங்கும் முடங்கிய காசு. ஒன்று 600 ரூபா என்றால் 25,200 ரூபா.

நேர்மையாகச் சொன்னால், 6205 போல ஓடுகிற பெயாரிங் ஒன்றுக்கு இது பெரிய நட்டமல்ல. அது எப்படியும் விற்கும், பெட்டிக்குள் கெடாது. வவுனியாவில் ஒன்றுக்கு 50 ரூபா கூடக் கொடுத்தால், 40 நாளில் 160 பெயாரிங்குக்கு 8,000 ரூபா கையை விட்டுப் போகும். அதற்குக் கொழும்பே மேல். சிக்கல், போகத்துக்கு ஒன்றோ இரண்டோ மட்டும் போகும் சாமான்களில். அப்படி வெவ்வேறு அளவுகள் 200 இருக்கும். எல்லாவற்றையும் வாங்கி அடுக்க எந்தச் சிறு கடைக்கும் முடியாது. அதிலும் பெல்ட்டும் சீலும் றப்பர். தகரக் கூரையின் வெக்கையில் இரண்டு மூன்று வருடம் கிடந்தால் வெடித்துவிடும். மெசின்காரர் அடுத்த நாள் காலைவரை பொறுப்பார், மூன்றாம் நாள்வரை பொறுக்கமாட்டார். தானே மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போய்விடுவார். "நாளைக்குக் காலமை வாங்கோ" என்று துணிந்து சொல்ல முடிகிற கடைக்கு அந்த 200 அளவையும் அடுக்கிவைக்கும் தேவையில்லை. வவுனியா கொடுக்கும் பெரிய லாபம் இதுதான், விலைப்பட்டியலில் இது தெரியாது.

ஆனால் பிழையான சாமான் ஒன்று வந்தால் இந்த லாபம் முழுவதும் போய்விடும். திருப்பி அனுப்பி மாற்றி எடுக்க நாள் இரட்டிப்பாகும். "6205 பெயாரிங் 10" என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டு பக்கமும் றப்பர் மூடியது டூ ஆர்எஸ், தகரம் மூடியது இசட் இசட். சேற்றிலும் உமித் தூசியிலும் ஓடும் இடத்துக்கு டூ ஆர்எஸ் என்று சேர்த்து எழுதுங்கள். ஓயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றும் இதே ஒழுங்கில்: 25-40-7.

பெல்ட்டில்தான் அதிகம் பிழை வருகிறது. எண் அழிந்த பெல்ட்டின் வெளிச்சுற்றை நூலால் அளந்து அந்த அங்குலத்தையே பெல்ட் எண்ணாகச் சொல்லிவிடுகிறார்கள். பி பெல்ட்டின் எண் உட்சுற்று அங்குலம். வெளிச்சுற்றில் ஏறத்தாழ 2¾ அங்குலம் கழிக்க வேண்டும்: நூல் 56¾ காட்டினால் கேட்க வேண்டியது பி 54. மேல் அகலத்தையும் பாருங்கள். 17 மில்லிமீற்றர் பி, 13 என்றால் ஏ. பழைய பெல்ட் தேய்ந்து ஒடுங்கியிருக்கும், இழுபட்டு நீண்டுமிருக்கும். அளவு நடுவில் நின்றால் கப்பியின் பள்ளத்தையும் பார்த்து முடிவெடுங்கள். வெட்டு மெசினில் கம்பனி எண் போட்டு வரும் பெல்ட்டுகளுக்கு இந்தக் கணக்கு உதவாது, அந்த எண்ணேதான் வேண்டும். பழையதை அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து வட்ஸ்அப்பில் ஓடரோடு அனுப்புங்கள். கூடவே ஒரு வரி: "இருப்பதை இண்டைக்கே அனுப்புங்கோ, இல்லாததுக்காகப் பெட்டியை வைக்க வேண்டாம்." இந்த வரி இல்லாததால் ஒரு சீலுக்காக ஒன்பது சாமான் ஒரு நாள் கிடக்கும்.

பாதையையும் முதலே பேசிவிடுங்கள். புதுக்குடியிருப்புக்கு பரந்தனால் ஏ35 இல் வரலாம், மாங்குளம் – ஒட்டுசுட்டான் வழியாகவும் வரலாம். முல்லைத்தீவு நகரக் கடைக்கு ஏ34 வழியே சொல்லுங்கள். பெருமழையில் நந்திக்கடல் நிரம்பினால் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணி பாயும்; பரந்தன் பக்கத்தால் வந்த பெட்டி புதுக்குடியிருப்பிலேயே நின்றுவிடும்.

இரவு பஸ்ஸில் கொழும்புப் பார்சல் விரைவானதுதான். கைக்கு அடங்கும், ஆக அவசரமான ஒரு சாமானுக்கு மட்டும் அதை வையுங்கள். விடியப்புறம் ஆள் போய் பஸ்ஸை மறிக்க வேண்டும், தொலைந்தால் கேட்க இடமில்லை. ரயில் 2013 இல் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது, ஆனால் முல்லைத்தீவு மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்துக்குத் தண்டவாளம் இல்லை. 2023, 2024 இல் திருத்த வேலைக்காக வடக்குப் பாதையின் பகுதிகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததையும் மறக்கக்கூடாது. அவசரமில்லாத பாரச் சாமானுக்கு ரயில் பரவாயில்லை.

ஆகவே நன்றாக ஓடும் 15, 20 வகை அளவுப் பெயாரிங்கையும் வெட்டு மெசின் கத்தியையும் மார்கழி நடுப்பகுதிக்குள் கொழும்பில் மொத்தமாக எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் வவுனியா. இது காலபோகக் கணக்கு. சிறுபோகத்தில் குளத்துத் தண்ணியைப் பார்த்து விதைப்பு ஏக்கர் குறையும். அப்போது தினசரி ஓடரை விட்டு, திங்களும் வியாழனும் என்று வைத்தால் போதும்.

எங்கள் கணக்கை அப்படியே எடுக்காமல், உங்கள் கடைக்கு ஒரு கொப்பி போடுங்கள். ஒவ்வொரு ஓடருக்கும் மூன்று நேரம்: சொன்னது, பெட்டி கட்டி முடித்தது, கடை வாசலில் இறங்கியது. இருபது ஓடர் எழுதிய பிறகு முதல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி பெரிதென்றால் மொத்தக் கடைக்காரரோடு பேசுங்கள். பின் இரண்டுக்கும் நடுவில் என்றால் லொறியை மாற்றுங்கள்.