ஏஸ்-கிங்: ஆறு வருடம் கையாண்ட பிறகு

நண்பர்களோடு டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டம் ஆட ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில்; அவற்றில் நல்ல ஐந்தைச் சேர்த்தவர் ஜெயிப்பார். காசு கிடையாது, வெறும் சிப்ஸ் (விளையாட்டு வில்லைகள்)தான். ஆனால் ஒவ்வொரு இரவும் யாரிடம் எத்தனை மிச்சம் என்று எழுதி வைப்போம், அதனால் யாரும் அலட்சியமாக ஆடுவதில்லை. இத்தனை நாளில் என்னை அதிகம் படுத்தி எடுத்தது மோசமான சீட்டுகள் அல்ல. 7-2 வந்தால் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகலாம். படுத்தியது ஏஸ்-கிங். அதுவும் ஃப்ளாப்பில் (முதலில் விழுகிற மூன்று பொதுச் சீட்டில்) ஏஸும் வராமல் கிங்கும் வராமல் அந்தரத்தில் நிற்கிற ஏஸ்-கிங்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், என் புலம்பலுக்கு அதுதான் காரணம். இரண்டு சீட்டு மொத்தம் 1,326 விதமாக வரலாம். அதில் ஏஸ்-கிங் 16 விதம். சுமார் 83 கைக்கு ஒரு தடவை. நேரில் உட்கார்ந்து ஆடினால் மணிக்கு 25, 30 கை போகும், அப்படிப் பார்த்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. அவ்வளவு நேரம் காத்திருந்து வந்த கைக்கு ஃப்ளாப்பில் ஒரு ஜோடியாவது சேர்வதற்கு வாய்ப்பு 32 சதவீதம். மூன்றில் இரண்டு முறை, விழுகிற மூன்று சீட்டும் வேறு யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்த மாதிரி இருக்கும். மூன்று மணி நேரம் காத்திருந்தவன் மனதில் ‘நடுவில் குவிந்திருக்கிற இந்த பாட் எனக்கு வர வேண்டியது’ என்ற நினைப்பு எப்போது நுழைகிறது என்றே தெரியாது. என் சிப்ஸ் பெரும்பாலும் போனது அந்த நினைப்பில்தான்.

முதல் வருடத்துக் கை ஒன்று இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சீட்டு வரும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்கிற தொகை பிக் பிளைண்ட், இன்னொருவர் வைக்கிற அதில் பாதி ஸ்மால் பிளைண்ட். ஏஸ்-கிங்கோடு மூன்று பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்தேன், அதாவது தொகையை ஏற்றினேன். பிக் பிளைண்டில் இருந்தவர் மட்டும் கால் செய்தார், அதாவது அதே அளவு வைத்தார். எங்கள் கூட்டத்திலேயே வயதில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். ஸ்மால் பிளைண்டின் அரையையும் சேர்த்து பாட் இப்போது ஆறரை பிளைண்ட். ஃப்ளாப்பில் 9, 8, 6, அதில் இரண்டு கிளாவர். அண்ணன் செக், எதுவும் போடவில்லை. நான் நான்கு போட்டேன், கால். நான்காவது பொதுச் சீட்டான டர்னில் ஒன்றுக்கும் உதவாத 2. பத்து போட்டேன், சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கால். கடைசிச் சீட்டான ரிவரில் இன்னொரு 8. இந்த முறையாவது ஓடிவிடுவார் என்று 22 போட்டேன். நிதானமாக எண்ணி எடுத்து வைத்தார். அவர் கையில் 9-7. ஜோடியும் இருந்தது, ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) இரண்டு பக்கமும் திறந்தும் இருந்தது. “ஒன்பதை வைத்துக்கொண்டு நான் எங்கே தம்பி போவேன்?” என்று கேட்டுவிட்டு பாட்டை இழுத்துக்கொண்டார். ஒரே கையில் 39 பிளைண்ட். பொதுவில் விழுந்த இரண்டு 8 தவிர என்னிடம் ஒரு ஜோடிகூட இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். ஃப்ளாப் கைவிட்ட ஒவ்வொரு ஏஸ்-கிங்குக்கும் இரண்டே விவரம்: எதிரே எத்தனை பேர், கடைசியாக எந்த இடத்தில் சிப்ஸ் போட்டேன். வேறெதுவும் எழுதவில்லை, எழுதப் பொறுமையும் இல்லை. ஒரு வருடம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் ஆச்சரியமாக இருந்தது. ஃப்ளாப்பில் போட்டது கிட்டத்தட்டக் கையைக் கடிக்கவே இல்லை. ரத்தம் போனதெல்லாம் டர்னிலும் ரிவரிலும். முதல் பந்தயத்தை (பெட்) யோசித்துப் போட்டிருக்கிறேன். இரண்டாவதையும் மூன்றாவதையும் ரோஷத்தில் போட்டிருக்கிறேன்.

ஃப்ளாப் பெட் ஏன் கடிக்கவில்லை? எதிரே ஒருவர்தான் என்றால் அவருக்கும் அதே கணக்குதான். ஜோடியில்லாத கையோடு வந்திருந்தால் அவரும் மூன்றில் இரண்டு முறை கோட்டை விட்டிருப்பார். க்யூ-7-2 (க்யூ என்றால் குயின்) என்று மூன்றும் வேறு வேறு சூட்டில் (கிளாவர், ஆர்ட்டின் போன்ற இனம்) விழுந்த ஃப்ளாப்பில் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு போட்டால், நான்கில் ஒரு முறை அவர் ஃபோல்ட் செய்தாலே (சீட்டைக் கவிழ்த்து விலகினாலே) அந்த பெட்டின் செலவு வந்துவிடும். பாதி பாட் போட்டால் மூன்றில் ஒரு முறை ஃபோல்ட் வேண்டும். முழு பாட் போட்டால் பாதிக்குப் பாதி. நான் ஆரம்பத்தில் முக்கால் பாட், முழு பாட் என்று போட்டதெல்லாம் வீராப்பு. மூன்றில் ஒரு பங்குக்கு ஓடுகிறவர் அதற்கே ஓடிவிடுவார், ஓடாதவர் எதற்கும் ஓடமாட்டார். 9-8-6 மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கிற ஃப்ளாப் வேறு கதை. பிக் பிளைண்டில் உட்கார்ந்து கால் செய்கிறவரிடம் இருக்கும் சின்னச் சின்ன சீட்டுகளுக்கெல்லாம் அது விருந்து. அங்கே இப்போது பெரும்பாலும் செக் செய்துவிடுகிறேன்.

எதிரே மூன்று பேர் என்றால் சின்ன பெட்கூட வேண்டாம். மூவரில் ஒருவரிடமாவது ஏதாவது மாட்டியிருக்கும். செக், யாராவது போட்டால் ஃபோல்ட், அவ்வளவுதான்.

சரி, கால் வாங்கியாயிற்று, டர்ன் வந்துவிட்டது. இங்கேதான் எனக்குப் பழக நாளாயிற்று. மிச்சமிருக்கும் மூன்று ஏஸ், மூன்று கிங் என்று ஆறு அவுட் (விழுந்தால் கை தேறுகிற சீட்டு) இருப்பதாக மனசு கணக்குப் போடும். டர்னில் அவற்றில் ஒன்று விழ 13 சதவீதம், டர்ன் ரிவர் இரண்டையும் பார்த்தால் 24. ஆனால் ஆறும் முழுசாக நம்முடையது இல்லை. க்யூ-7-2 ஃப்ளாப்பில் கால் செய்தவரிடம் ஏஸ்-க்யூ இருந்தால், எனக்கு ஏஸ் விழுகிற அதே நொடியில் அவருக்கு இரண்டு ஜோடி. அந்த ஏஸ்தான் என்னை மொத்தமாகக் காலி பண்ணும். இப்படி ஏஸைப் பார்த்துத் துள்ளிக் குதித்து முழுக்க இழந்த இரவு ஒன்று உண்டு. அதை விவரிக்க விருப்பமில்லை.

அதனால் டர்னில் இரண்டாவது பெட் போட வேண்டுமென்றால் சீட்டு எனக்கு ஏதாவது கொடுத்திருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அதே க்யூ-7-2-இல் டர்ன் ஜாக் என்றால் 10 விழுந்தால் ஸ்ட்ரெய்ட், நான்கு அவுட் கூடுதல். இரண்டும் ஒரே சூட் ஏஸ்-கிங்காக இருந்து டர்னில் ஃப்ளஷுக்கு (ஒரே சூட்டில் ஐந்து சீட்டு) நான்காவது சீட்டு சேர்ந்தால் ஒன்பது கூடுதல், மொத்தம் 15. அப்போது போடலாம், தைரியமாகவே போடலாம். 2, 3, 4 என்று சோகையான சீட்டு விழுந்தால் நானும் செக். செக் செய்தால் தோற்றதாக அர்த்தமில்லை என்பது புரியவே இரண்டு வருடம் பிடித்தது. ஜோடியே இல்லாத ஏஸ்-கிங், ஏஸ்-ஜாக்கையும் கிங்-ஜாக்கையும் ஸ்ட்ரெய்ட்டோ ஃப்ளஷோ ஆகாமலே போன டிராக்களையும் கடைசியில் தானாகவே ஜெயிக்கும். அப்படி அமைதியாக ஜெயித்த சின்ன பாட்டுகள் நோட்டில் நான் நினைத்ததைவிட அதிகம்.

இன்னொரு விஷயம். சிப்ஸ் குறைவாக, 15 பிளைண்ட் அளவில் இருக்கும்போது இந்தத் தலைவலியே கிடையாது. ஃப்ளாப்புக்கு முன்பே எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் ஐந்து சீட்டையும் பார்த்துவிடலாம். ஐந்தில் ஒரு ஏஸோ கிங்கோ விழ 49 சதவீதம். ஜோடி க்யூவுக்கு எதிராகக்கூட ஏஸ்-கிங் நூற்றுக்கு 43 முறை ஜெயிக்கும், ஒரே சூட் என்றால் 46. அதே கை, மூன்று சீட்டு மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொன்னால்தான் தடுமாறுகிறது.

ஜோடி ஜாக்கை ஏஸ்-கிங்கோடு சேர்த்துப் புலம்புகிறவர்கள் உண்டு. ஃப்ளாப்பில் ஜாக்கைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழ 57 சதவீதம், க்யூவுக்கு 41. ஆனாலும் என் அனுபவத்தில் ஜாக் பரவாயில்லை, கையில் ஜோடியாவது இருக்கிறது, செக் செய்ய மனசு ஒத்துக்கொள்கிறது.

இன்னும் பிடிபடாதது ஸ்மால் பிளைண்டில் உட்கார்ந்து ஆடும் ஏஸ்-கிங். நான்தான் முதலில் பேச வேண்டும், எதிராளி என்னைப் பார்த்துவிட்டுப் பேசுவார். செக் செய்தால் போடுகிறார், போட்டால் கால் செய்கிறார். அதில் மட்டும் நோட்டில் முன்னேற்றம் தெரியவில்லை.

போன மாதம் மறுபடி அதே அண்ணன், அதே பிக் பிளைண்ட். மூன்றுக்கு ரெய்ஸ், அவர் கால், ஃப்ளாப் க்யூ-7-2. இரண்டு போட்டேன், கால். டர்ன் 4. இருவரும் செக். ரிவர் 9. அண்ணன் பாதி பாட் போட்டார். கொஞ்ச நேரம் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏஸ்-கிங்கைக் கவிழ்த்துத் தள்ளினேன். ஐந்து பிளைண்ட் போயிற்று.

“என்ன வைத்திருந்தீங்க அண்ணே?”

“அடுத்த கையைப் போடு தம்பி.”