அட்டைப் பெட்டியா, கோஹாவா?

புத்தக விவரம் எழுதிய அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி வைத்த அந்த அட்டைப் பெட்டி காலத்தில் நூலக உதவியாளரின் வேலை கண்ணுக்குத் தெரியும். புத்தகத்தில் ஒட்டிய தேதிச் சீட்டில் முத்திரை குத்துவார், திரும்பி வந்ததை டூயி எண் (பொருள்வாரியாகப் புத்தகத்துக்குத் தரும் வகை எண்) பார்த்து அலமாரியில் செருகுவார். "நீலக் கலர் அட்டை, சோழரைப் பத்தி" என்று சொன்னாலே போதும், நேராகப் போய் எடுத்து வந்துவிடுவார். அந்த ஞாபகம் அவர் விடுப்பில் போனால் அவரோடே போய்விடும், அதுதான் சிக்கல்.

2000-ல் நியூசிலாந்தில் பயன்பாட்டுக்கு வந்த கோஹா என்ற இலவச நூலக மென்பொருள், இந்தியாவிலும் நிறைய கல்லூரி நூலகங்களில் ஓடுகிறது. பார்கோடைக் காட்டினால் புத்தகம் யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்பும் எல்லாம் திரையில் வந்துவிடும், முத்திரை மையும் விரலில் ஒட்டாது. ஆனால் 820 அலமாரியில் இருக்க வேண்டியதை யாரோ 280-ல் செருகிவிட்டால் திரை 'உள்ளது' என்றே சாதிக்கும், தேடி எடுக்க ஆள்தான் நடக்கணும்.

வேலை குறைந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. முத்திரை குத்திய அதே கை இப்போது பார்கோடு ஒட்டுகிறது, பட்டியலில் பெயர்ப் பிழை திருத்துகிறது, கடவுச்சொல் மறந்தவருக்கு மாற்றித் தருகிறது, நடுவில் பிரிண்டரையும் தட்டிப் பார்க்கிறது. கணக்கு வைக்க நான் கோஹா பக்கம். புத்தகத்தின் பாதிப் பெயர்தான் ஞாபகம் இருக்கிறதென்றால் இன்னமும் அந்த உதவியாளரிடமே போய் நிற்பேன்.