பையில் மைனஸ் பத்து என்று போட்டிருக்கும்: எந்தத் தூவி ஸ்லீப்பிங் பாக்கை வாங்குவது?

யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் குளிர் என்றால் கொழும்புக்குப் போகும் இரவு ஏசி பஸ்தான். வவுனியா வருவதற்குள்ளேயே துவாயை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நடுங்கத் தொடங்கிவிடுவோம். அந்தத் துவாய் அனுபவத்தை நம்பித்தான் நானும் ஒரு ஜனவரியில், கடைக்காரர் "மைனஸ் பத்துக்கும் தாங்கும்" என்று தந்த, பறவைத் தூவி அடைத்த மலிவான ஸ்லீப்பிங் பாக்கோடு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனேன். 2100 மீற்றருக்கு மேலே உள்ள இடம், அந்த மாதத்தில் விடியப்புறம் புல்லில் உறைபனி படியும். இரவு இரண்டு மணிக்குப் பிறகு நித்திரையே இல்லை. முதுகில் கோடு கோடாகக் கூதல் ஏறியது. டோர்ச்சைப் பைக்குள் விட்டுப் பார்த்தால், தையல் ஓடுகிற இடமெல்லாம் வெளிச்சம் அப்படியே வெளியே தெரிகிறது. அங்கே தூவியே இல்லை, இரண்டு துணியையும் சேர்த்து நேராகத் தைத்துவிட்டிருக்கிறார்கள்.

டவுன் என்று எழுதினால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்று நினைப்பீர்கள், அதனால் தூவி என்றே எழுதுகிறேன். சங்கப் பாட்டில் அன்னத்தூவி மெத்தை வருகிறதே, அந்தத் தூவிதான். இப்போது அன்னத்துக்குப் பதிலாக வாத்தும் (கூஸ்) தாராவும் (டக்).

பையில் போட்டிருக்கும் பாகைக் கணக்கை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஐஎஸ்ஓ 23537 என்ற தர அளவின்படி சோதித்த பை என்றால் மூன்று எண் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். 25 வயது, 60 கிலோ எடையுள்ள ஒரு பெண் உடலைத் தளரவிட்டுப் படுத்து நிம்மதியாக உறங்கக்கூடிய குளிர் கம்ஃபர்ட். 73 கிலோ எடையுள்ள ஆண் சுருண்டு படுத்து ஒருமாதிரி இரவைக் கழிக்கக்கூடியது லிமிட். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பினால் போதும் என்ற கணக்கு. என் பையில் கொட்டை எழுத்தில் இருந்த மைனஸ் பத்து அந்த மூன்றாவது எண். உள்ளே ஒட்டியிருந்த சின்னத் துண்டை வீட்டுக்கு வந்த பிறகுதான் வாசித்தேன், யாரைக் குறை சொல்வது? எங்களைப் போல 30 பாகையில் வளர்ந்தவர்கள் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பார்த்து, அதிலும் ஒரு ஐந்து பாகை கூட்டி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த குழப்பம் ஃபில் பவர். 800 என்றால் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி, 800 கன அங்குலத்துக்கு உப்பும். ஏறக்குறைய 13 லீற்றர், குளிக்கிற வாளி நிறைய. இலவம்பஞ்சுத் தலையணையை வெயிலில் போட்டு எடுத்தால் எழும்புமே, அதே சங்கதி, எழும்பிய இடத்துக்குள் அடைபட்ட காற்றுத்தான் சூடு. ஆனால் 800 என்ற எண் மட்டும் பையைச் சூடாக்காது. அப்படித் தூவி 250 கிராம் போட்ட பையைவிட, 600 தூவி 500 கிராம் போட்ட பை சூடு கூடியது, என்ன, பாரமாக இருக்கும். எத்தனை கிராம் தூவி என்று எழுதாத பையைத் தொடவே வேண்டாம்.

சரி, பைகளுக்கு வருவோம். எனக்கு இலக்கு நேபாளம், அன்னபூர்ணா அடிவார முகாம், 4130 மீற்றர், கார்த்திகை மாதம். இரவில் பூச்சியத்துக்குக் கீழே போகும்.

கனடாவில் உள்ள மச்சானைக் கேட்டால் அவர் ஒரே பேர்தான் சொல்வார்: வெஸ்டர்ன் மவுண்டனீரிங் அல்ட்ராலைட். கலிபோர்னியாவில் தைப்பது, 850க்கு மேற்பட்ட வாத்துத் தூவி, மைனஸ் ஏழு என்று போடுகிறார்கள், மொத்த எடை 850 கிராம்கூட வராது. கழுத்தைச் சுற்றித் தூவி அடைத்த பட்டை இருக்கிறது, சூடு மேலால் போகாது. உள்ளே குறுக்குத் துணித் தடுப்பு வைத்துத் தைத்திருப்பதால் என் பழைய பையின் கோட்டுக் குளிர் இதில் இல்லை. அந்தத் தடுப்புக்குள் தூவியைக் கையால் தட்டி மேல்பக்கம் கொண்டுவரலாம், வெக்கையாக இருந்தால் கீழே தள்ளலாம், சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை. பிரச்சினை தோள் சுற்றளவு, 59 அங்குலம். உள்ளே ஜக்கெட்டோடு படுத்தால் புட்டுக் குழலில் மாவை அடைத்த மாதிரித்தான், தூவி நசுங்கி, போட்ட ஜக்கெட்டால் பலனில்லாமல் போகும். அதே கொம்பனியின் அல்பின்லைட் 64 அங்குலம், எடை அறுபது எழுபது கிராம்தான் கூட. என் உடம்புக்கு அதுதான். விலை 500 அமெரிக்க டாலருக்கு மேலே, நான் எழுத வேண்டியதில்லை, நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இதற்கு நேர் போட்டி சென்னையில் இருக்கிறது. பலாலியில் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்விடலாம். டெகத்லோன் என்ற விளையாட்டுச் சாமான் கடையில் கம்ஃபர்ட் பூச்சியம் என்று ஒரு தூவிப் பை, ஒரு கிலோ முன்பின், விலை அமெரிக்கப் பையோடு ஒப்பிட்டால் சின்னப் பகுதி. கடையிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கிப் படுத்துப் பார்க்கலாம், எனக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் மச்சான் அனுப்பும் பையைத் திருப்பி அனுப்ப முடியாது. மைனஸ் ஐந்துக்குத் தூவி ஜக்கெட்டும் நல்ல காலுறையும் சேர்த்தால் சமாளிக்கலாம். அதற்குக் கீழே என்றால் இதை நம்பிப் போகமாட்டேன்.

குவில்ட் என்று சிப்பும் முதுகும் இல்லாத போர்வை மாதிரி ஒன்று வருகிறது, கீழே விரிக்கும் முகாம் பாயோடு பட்டி போட்டுக் கட்டுவது. பாரம் குறைவு. புரண்டு படுக்கிற எனக்குப் பக்கத்தால் காற்று ஏறும், விட்டுவிட்டேன்.

செயற்கை இழைப் பையை எல்லோரும் இளக்காரமாகப் பேசுவார்கள். ஹோர்ட்டன் சமவெளிக்கு மட்டும் போவதென்றால் நான் அதைத்தான் சொல்வேன். அங்கே மூடுபனியும் தூறலும். தூவி நனைந்தால் கட்டி கட்டியாகச் சேர்ந்து செத்த கோழி மாதிரி ஆகிவிடும், இழை நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும். நேபாளத்துக்கு ஒரே ஒருமுறைதான் என்றால் வாங்கவே வேண்டாம், காத்மாண்டு தமேலில் வாடகைக்குத் தருகிறார்கள், உள்ளே போட ஒரு பட்டு லைனரை மட்டும் கொண்டுபோங்கள். வழியில் உள்ள விடுதிகளில் கம்பளியும் கிடைக்கும்.

எதை வாங்கினாலும், முதுகுக்குக் கீழே நசுங்கிய தூவி குளிரை மறிக்காது, அது பாயின் வேலை. பாயின் ஆர் மதிப்பு, அதாவது குளிரை எவ்வளவு மறிக்கும் என்ற எண், நாலுக்கு மேலே இருக்கட்டும். இரண்டு பாயை அடுக்கினால் மதிப்பும் கூடும்.

கடைகள் சொல்லாத இன்னொன்று: இந்தப் பை வருடத்தில் பத்து நாள் குளிரிலும் மிச்ச நாளெல்லாம் எங்கள் வீட்டு அலுமாரியிலும் கிடக்கும். சின்ன உறைக்குள் திணித்து வைத்தால் உப்புகிற குணம் போய்விடும், மாரி மழைக்குப் பூஞ்சணமும் வரும். அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் ஒரு பெரிய உறை தைத்து, என் பழைய பையை அதில் தளர்வாகப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். முதல் தடவை கழுவியதும் கிணற்றடியில்தான், தூவிக்கென்று விற்கும் திரவ சோப்பு போட்டு. நனைந்த பையைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது, ஒருவராகத் தூக்கினால் உள்தடுப்பு கிழியும். உலர்த்தும் மெஷின் இல்லாததால் பங்குனியில் முற்றத்து மாமர நிழலில் பழைய கட்டிலில் விரித்து, மூன்று நாள், தூவிக் கட்டிகளை விரலால் ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, இதைவிட இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்றார்.

மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். அவரிடம் அல்பின்லைட்டுக்குச் சொல்லியாயிற்று, பாதிக் காசுதான் கைவசம் இருக்கிறது. அது சரிவராவிட்டால் ஐப்பசியில் சென்னைக்கு ஒரு டிக்கெட்.