3300-ஆ, 5000-ஆ?

கிளிநொச்சிப் பக்கத்துக் கிரவல் ஒழுங்கையில் ரிமோட் ட்ரக் ஓட்டப் பெரிய பற்றரிதான் வேண்டுமா? சராசரியாக 20 அம்பியர் இழுத்தால் 5000 மில்லி அம்பியர் மணி லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி 15 நிமிடம் நிற்கும், 3300 சுமார் 10. பற்றரி பழுதாகாமல் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் விட்டால் 12, 8. ஐந்து நிமிடப் போட்டிக்கு 3300 தாராளம். பாரம் குறைவு, வளைவில் சொல்வழி கேட்கும். அறுவடை முடிந்த வயலில், சில்லு புதையும் புழுதியில் இழுப்புக் கூடும். அங்கே 5000தான் சரி. ஆனால் வன்னி வெயிலில் பற்றரிக்கு முன்னமே மோட்டர் களைத்துவிடும். அதனால் என்னிடம் இரண்டு 3300. ஒன்று முடிந்ததும் மோட்டரைத் தொட்டுப் பார்ப்பேன். விரல் வைக்க முடியாவிட்டால் பாலை மர நிழல், ஒரு தேத்தண்ணி, அப்புறம்தான் மற்றது.