மூளைச் செல்லில் அமிலத்தை அடக்குவது: என்எச்இ1, என்பிசிஇ1

மூளைச் செல்லுக்குள் பிஹெச் (அமில-கார அளவு) ஏறக்குறைய 7.2-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். செல்சவ்வில் உள்ள என்எச்இ1 (NHE1) புரதம் ஒரு சோடியம் அயனியை உள்ளே விட்டு, அமிலத்தன்மை தரும் ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. கணக்கு சரிக்குச் சரி. உள்ளே அமிலம் ஏறினால் வேகம் பிடிக்கும்.

என்பிசிஇ1 (NBCe1) என்னும் இன்னொரு சவ்வுப் புரதத்தின் வழி வேறு. நியூரான்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் நிறைந்திருக்கும் இது, சோடியத்தோடு பைகார்பனேட்டை உள்ளே கொண்டுவந்து அமிலத்தை முறிக்கிறது. ஒரு சோடியத்துக்கு இரண்டு பைகார்பனேட் என்பதால் மின்சுமையும் கூடவே நகர்கிறது. அதனால் பக்கத்து நியூரான்கள் மும்முரமாக இயங்கிப் பொட்டாசியத்தைக் கொட்டும்போது, செல்சவ்வின் மின்னழுத்தம் மாறி, உள்ளே அமிலம் ஏறும் முன்பே இது வேலையைத் தொடங்கிவிடும். என்னை அதிகம் வியக்க வைப்பது இந்த முன்கூட்டிய செயல்தான்.

என்எச்இ1 இல்லாத எலிகளுக்கு வலிப்பும் தள்ளாட்டமும் வருகின்றன. ஆனால் பக்கவாதத்தில் அதே புரதம் அளவுமீறி உழைத்து, சோடியத்தையும் அதன் பின்னாலேயே கால்சியத்தையும் செல்லுக்குள் ஏற்றிவிடுகிறது.