பத்து நாள் விபஸ்ஸனா முகாம்: அமைதிக்காகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

விபஸ்ஸனா என்பது உடலில் எழும் உணர்வுகளைக் கவனிக்கும் பௌத்தத் தியானம். எஸ்.என். கோயங்கா மரபில் நடக்கும் பத்து நாள் விபஸ்ஸனா முகாமைப் பற்றி விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "மன அமைதி கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும். ஆனால் அமைதியைக் குறிவைத்து இந்த முகாமை அமைக்கவில்லை. மனத்தை ஒருநிலைப்படுத்தும் பயிற்சிக்கு ஒதுக்கியிருப்பது முதல் மூன்றரை நாள் மட்டும். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட முழுக்கவே பஞ்ஞா, அதாவது மெய்யறிவுக்கான பயிற்சி. இந்தக் கணக்கு தெரியாமல் போகிறவர்கள்தான் நான்காம் நாள், "நன்றாக அமைதியாகி வந்த மனசைக் கலைத்துவிட்டார்களே" என்று பெட்டியைக் கட்டப் பார்க்கிறார்கள்.

கோயங்கா (1924–2013) பர்மாவின் மாண்டலேயில் பிறந்த வணிகர். ஒற்றைத் தலைவலி தாங்காமல் மார்ஃபின் ஊசி வரை போயிருந்த நிலையில், 1955-இல் ரங்கூனில் சயாஜி ஊ பா கின்னைப் பார்க்கப் போனார். சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயராக இருந்தவர் ஊ பா கின். அரசு வேலையில் இருந்துகொண்டே தியானம் கற்பித்தவர். தலைவலி தீர வேண்டும் என்று வந்தவரை அவர் முதலில் சேர்த்துக்கொள்ளவில்லை. மனத்தைத் தூய்மையாக்க வந்தால் நோய் நீங்குவது கூடவே விளையும் பலன். நோய்க்காகவே வருவது இந்த வித்தையின் மதிப்பைக் குறைப்பது என்பது அவர் நிலை. 1969-இல் கோயங்கா இந்தியாவுக்கு வந்து நடத்தத் தொடங்கிய முகாம்களிலும் இதே நிலைப்பாடுதான். அமைதியும் இங்கே அந்தத் தலைவலி நிவாரணம் மாதிரி, கூடவே வருவது.

கட்டணம் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு எல்லாமே ஏற்கெனவே முகாம் முடித்தவர்கள் கொடுத்த நன்கொடையில் நடக்கிறது. ஒரு முகாமையாவது முடிக்காதவரிடம் நன்கொடை வாங்குவதில்லை. முகாமை நேரில் நடத்தும் உதவி ஆசிரியர்களுக்கும், தொண்டு செய்யும் தம்ம ஊழியர்களுக்கும் சம்பளம் இல்லை. தமிழ்நாட்டில் சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது, திண்டுக்கல் மாவட்டத்தில் தம்ம மதுரா. இலங்கையில் கண்டிக்கு அருகே தம்ம கூட. தலைமை மையம் மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் இருக்கும் தம்மகிரி. எங்கே போனாலும் கால அட்டவணை ஒன்றுதான், பாடமும் ஒன்றுதான். கோயங்காவின் குரல் பதிவுதான் கற்பிக்கிறது. மாலைச் சொற்பொழிவைத் தமிழில் கேட்கலாம்.

அட்டவணை கடுமையானது. விடிகாலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். 4:30 முதல் 6:30 வரை தியானம், காலை உணவு, 8 முதல் 11 வரை தியானம், 11 மணிக்கே மதிய உணவு. 1 முதல் 5 வரை மறுபடி தியானம். 5 மணிக்குப் புது மாணவர்களுக்குத் தேநீரும் பழமோ பொரியோ கிடைக்கும். ஏற்கெனவே முகாம் முடித்த பழைய மாணவர்களுக்கு எலுமிச்சைச் சாறு மட்டும். 6 முதல் 7 வரை குழுத் தியானம், பிறகு 8:15 வரை சொற்பொழிவு, அதன் பின் 9 வரை இன்னொரு அமர்வு, 9:30-க்கு விளக்கணைப்பு. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பத்தே முக்கால் மணி நேர உட்காருதல். பத்தாம் நாள் காலை வரை ஆரிய மௌனம், அதாவது உன்னத மௌனம்: பேச்சு மட்டுமல்ல, சைகையும் கண்ஜாடையும் கூடாது. ஃபோன், புத்தகம், பேனா, ஜெபமாலை, தாயத்து எல்லாவற்றையும் சேரும் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். ஐந்து சீலங்களை, அதாவது ஒழுக்க விதிகளை, ஏற்க வேண்டும். பலர் இதை முகாமின் கட்டுப்பாடாக மட்டும் பார்க்கிறார்கள். சீலங்கள் விலக்கச் சொல்லும் பொய், திருட்டு, போதை, காமம், கொலை ஐந்துமே மனம் கொந்தளிக்காமல் நடக்க முடியாதவை. ஆற அமர உள்ளே பார்க்க வேண்டுமென்றால் முதலில் கொந்தளிப்புக்குத் தீனி போடுவதை நிறுத்தியாக வேண்டும், அவ்வளவுதான்.

முதல் மூன்றரை நாள் ஆனாபானா. இயல்பாக வந்து போகும் மூச்சை நாசி வாசலில் கவனிப்பது. முதல் நாள் மூச்சு எந்தத் துவாரம் வழியாகப் போகிறது என்று மட்டும். இரண்டாம் நாள் மூக்கை உள்ளடக்கிய முக்கோணப் பகுதியில் அது எங்கே தொடுகிறது என்று. மூன்றாம் நாள் அந்த இடத்தில் அரிப்பு, சூடு, துடிப்பு, ஈரம் என்று என்ன உணர்வு வருகிறது என்று. கடைசியில் கவனம் மேல் உதட்டுக்கும் நாசிக்கும் நடுவே ஒரு சிறு இடத்துக்குள் சுருங்குகிறது. நம்மூர்க்காரர்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான். ஏற்கெனவே பிராணாயாமம் பழகியவர்கள் தங்களை அறியாமலே மூச்சை நீட்டுகிறார்கள். மந்திரம் பழகியவர்கள் மூச்சோடு ஒரு நாமத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டிலும் மனம் சட்டென்று அடங்கும். ஆனால் நுண்ணிய உணர்வைப் பிடிக்கும் கூர்மை வராது, நான்காம் நாள் கையில் ஒன்றும் இருக்காது. மூச்சே தெரியவில்லை என்றால் நாலைந்து மூச்சு சற்று வேகமாக விட்டுவிட்டு இயல்புக்குத் திரும்ப வேண்டும். தூக்கம் சொக்கினால் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ளலாம், ஐந்து நிமிடம் நடக்கலாம். காலையில் இன்னொரு கரண்டி பொங்கல் வேண்டாம் என்று சொல்லிவிடுவது இரண்டையும்விட நல்ல மருந்து.

நான்காம் நாள் பிற்பகல் விபஸ்ஸனா கற்றுக்கொடுக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம், நடுவில் எழுந்து போகக் கூடாது. உச்சந்தலையில் தொடங்கி நெற்றி, முகம், தோள், கை, மார்பு, முதுகு, கால் என்று பகுதி பகுதியாகக் கவனத்தை நகர்த்தி, அங்கங்கே இருக்கும் உணர்வை அப்படியே அறிவது. ஓர் இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அங்கேயே தவம் கிடப்பதும் தவறு, உணர்வைக் கற்பனை செய்து நிரப்புவதும் தவறு. தலையிலிருந்து கால் வரை ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் என்பது தொடக்கத்தில் நல்ல வேகம். அதன் பிறகு தினம் மூன்று குழு அமர்வுகளுக்கு அதிட்டானம்: ஒரு மணி நேரம் கால் மாற்றாமல், கை பிரிக்காமல், கண் திறக்காமல் இருப்பேன் என்ற உறுதி.

ஞானத்துக்கும் அமைதிக்கும் என்ன தொடர்பு என்பதை இந்த ஒரு மணி நேரம் காட்டுகிற அளவுக்கு எந்தச் சொற்பொழிவும் காட்டாது. சுமார் நாற்பதாவது நிமிடத்தில் வலது முழங்காலில் வலி ஏறும். முதலில் அது "வலி" என்ற ஒரே கட்டியாக இருக்கும். மூன்று நாள் கூர்மையாக்கிய கவனத்தோடு உள்ளே போனால் கட்டி உடைகிறது: முட்டிக்கு மேலே ஒரு சூடு, பின்பக்கம் நரம்பு இழுப்பு, நடுவில் விட்டு விட்டு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு நொடிக்கு நொடி ஏறுகிறது, இறங்குகிறது, சில சமயம் இல்லாமலே போகிறது. இதற்குப் பக்கத்தில் தனியாக இன்னொன்று ஓடுகிறது: "இன்னும் எவ்வளவு நேரம்? கால் போய்விடுமோ?" என்ற பதற்றம். தாங்க முடியாமல் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவதால்தான். பதற்றம் தனி, உணர்வு தனி என்று பிரித்துப் பார்த்த கணமே பதற்றத்தின் பிடி தளர்கிறது. வலி குறையாமலே இருக்கலாம். மனம் அதோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிடுகிறது. உபேக்கை என்று அவர்கள் சொல்லும் சமநிலை இது.

மெய்யறிவில் மூன்று படி சொல்கிறார்கள்: கேட்டறிவது சுதமய பஞ்ஞா, சிந்தித்துத் தெளிவது சிந்தாமய பஞ்ஞா, தன் உடம்பில் பட்டறிவது பாவனாமய பஞ்ஞா. எல்லாம் மாறும், எதுவும் நிலையில்லை என்பது நமக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்த சங்கதி. அது கோபம் வரும்போது கைகொடுப்பதில்லை, ஏனென்றால் கோபம் நம் தத்துவத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஒருவர் திட்டினால் அந்தச் சொல்லுக்கும் நம் பதிலுக்கும் நடுவே மார்பில் ஒரு சூடு, கழுத்தில் ஓர் இறுக்கம், மூச்சில் ஒரு வேகம் வந்துவிடுகிறது. நாம் எதிர்வினை செய்வது அந்த உணர்வுக்கு என்பதுதான் இந்த முறையின் அடிப்படை வாதம். அந்தச் சூடு எழுந்து அடங்குவதை நூறு முறை உட்கார்ந்து பார்த்தவருக்கு நூற்றோராவது முறை ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. ஆனாபானா தரும் அமைதி மேல்பரப்பைத் தெளியவைக்கிறது. அடியில் உறங்கும் வேட்கையும் வெறுப்பும் அப்படியே கிடக்கும், சமயம் வந்தால் எழும். நான்காம் நாளுக்குப் பிறகு பழைய கோபங்களும் அழுகையும் கிளம்புவது இதனால்தான். முகாம் கெட்டுப்போகவில்லை, வேலை ஆரம்பித்திருக்கிறது என்று பொருள்.

இதைவிடப் பெரிய கண்ணி ஆறாம், ஏழாம் நாள் வருகிறது. சிலருக்குத் தலை முதல் கால் வரை மெல்லிய அதிர்வு தடையில்லாமல் ஓடும். மிக இதமான அனுபவம். அடுத்த அமர்விலும் அதையே தேடுவார்கள். வராது, எரிச்சல் வரும். மதிய நேர்காணலில் "நேற்று நன்றாக வந்தது, இன்று போய்விட்டது" என்று உதவி ஆசிரியரிடம் முறையிடுவார்கள். இதமானதைப் பிடித்துவைக்க நினைப்பதும் வலியைத் தள்ளிவிட நினைப்பதும் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கம். அன்றைய அமர்வு எப்படி இருந்தது என்பதற்கு ஒரே அளவுகோல், வந்த உணர்வுக்கு எவ்வளவு நேரம் எதிர்வினை இல்லாமல் இருந்தோம் என்பது. இந்த இடத்தைப் பற்றிக் கோயங்கா சொற்பொழிவுகளில் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார். முகாமின் மிகச் சிறந்த பகுதி இந்த எச்சரிக்கைதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

பத்தாம் நாள் மெத்தா, அதாவது எல்லா உயிர்க்கும் நலம் நினைக்கும் மைத்ரி பாவனை. அதன்பின் மௌனம் கலைகிறது. ஒரு முழுநாள் பேச விட்டு, பதினோராம் நாள் காலைதான் அனுப்புகிறார்கள். திடீரென்று பேருந்து நிலையச் சத்தத்தில் போய் விழாமல் இருக்க இது அவசியம்.

குறைகளும் உண்டு. ஒருவருக்குக் கிடைக்கும் நேர்காணல் சில நிமிடம்தான். பதில் பெரும்பாலும் "சமநிலையோடு கவனியுங்கள்" என்பதாகவே இருக்கும். நுணுக்கமான சந்தேகம் உள்ளவருக்கு இது போதாது. எந்த மதமும் சாராதது என்று சொல்கிறார்கள், ஆனால் பாலி மொழி ஓதல், புத்தர், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடைதல், மறுபிறவி பற்றிய பேச்சு எல்லாம் இருக்கின்றன. வேறு தியான, ஆன்மிகப் பயிற்சியைக் கலக்கக் கூடாது என்ற கண்டிப்பு பத்து நாளுக்கு நியாயமானது. வாழ்நாளுக்கும் என்று வரும்போது அவரவர் முடிவெடுக்க வேண்டியது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள், கடும் மனச்சோர்வு, இருதுருவ நோய், மனப்பிளவு, பீதித் தாக்கம் இருந்தவர்கள் இதற்குப் போகும் முன் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். விண்ணப்பத்திலேயே இதையெல்லாம் கேட்கிறார்கள். மறைத்தால் ஆபத்து உங்களுக்கு. இத்தனை மணி நேர மௌனமும் உள்நோக்கலும் சிலருக்குத் தூக்கமின்மையையும் பெரும் பதற்றத்தையும் கிளப்பிவிடும். உதவி ஆசிரியர்கள் மருத்துவர்கள் அல்லர். முகாமுக்காக மாத்திரையை நிறுத்தவே கூடாது. இரண்டு இரவு தொடர்ந்து தூக்கமே இல்லை, பயம் கட்டுக்கடங்கவில்லை என்றால் அன்றே சொல்லுங்கள். அதிட்டானத்தைவிட உடல்நலம் முக்கியம்.

எடுத்துப்போக வேண்டியவை: தளர்வான பருத்தி உடுப்பு, மெல்லிய சால்வை, டார்ச், கொசு மருந்து, பூட்டு, பன்னிரண்டு நாளுக்கான மாத்திரை. ஜீன்ஸ் வேண்டாம், ஒரு மணி நேரத்தில் முழங்காலை அறுத்துவிடும். மெத்தை மையத்தில் தருவார்கள். நான்கைந்து குஷனை அடுக்கிக் கோட்டை கட்டுவது உதவாது. இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருந்தால் போதும். முதுகுவலியோ மூட்டுத் தேய்மானமோ இருந்தால் முதல் நாளே நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. அமர்வு முடிந்ததும் மரத்த காலோடு எழுந்து நடக்காதீர்கள், விழுந்துவிடுவீர்கள். காலை நீட்டி ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு காலை ஒரு மணி, மாலை ஒரு மணி, படுக்கையில் தூங்கும் முன்னும் எழுந்ததும் ஐந்து நிமிடம் என்பது அவர்கள் சொல்லும் அளவு. பெரும்பாலோருக்கு இது சில வாரத்தில் நின்றுபோகிறது. இரண்டு மணி முடியாதென்று முழுவதையும் விடுவதைவிடக் காலை ஒரு மணியைக் காப்பாற்றுவது மேல். மனம் அலைபாயும் நாளில் முதல் கால்மணி ஆனாபானா செய்துவிட்டுப் பிறகு உடம்புக்குப் போங்கள். வாரம் ஒருமுறை குழு அமர்வுக்குப் போகிறவர்களிடம் பயிற்சி நிலைக்கிறது.

இடம் பிடிப்பது இணையத்தில். முகாம் தேதிகள் மாதக்கணக்கில் முன்கூட்டியே வெளியாகும், ஆண், பெண் இடங்கள் தனித்தனி. வருகையை உறுதிப்படுத்தச் சொல்லி வரும் மின்னஞ்சலுக்குப் பதில் போடாவிட்டால் இடம் போய்விடும். விடுமுறை பன்னிரண்டு நாள் எடுங்கள்: சேரும் நாள் பிற்பகலே அங்கே இருக்க வேண்டும். முடியும் நாள் காலை 7:30 வாக்கில் வெளியே வரலாம். அன்றைக்கே அலுவலகம் போவதாகத் திட்டம் போடாதீர்கள்.